ரீச்சராக இருந்த அம்மம்மாவுக்கு ஒரு நினைவு மலர்: 31 நாளில் செய்து முடிக்க

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வீட்டுக்கிருத்தியச் சடங்கின் மதிய போசனத்துக்கு வந்தவர்கள் எழும்பிப் போகும்போது கையில் கொடுக்கும் புத்தகத்தை ஊரில் கல்வெட்டு என்பார்கள், நினைவு மலர் என்றும் சொல்வார்கள். முப்பது முப்பத்தைந்து வருஷம் படிப்பித்து, அதோடு ஒரு பெரிய குடும்பத்தையும் தாங்கி நின்ற ஒரு பெண்ணைப் பற்றி அச்சில் வரப்போகிற ஒரே புத்தகம் பெரும்பாலும் இதுதான். அப்படியிருந்தும், முன்பக்கத்துப் படத்தை மாற்றினால் வேறு எவருக்கும் பொருந்திவிடுகிற மாதிரித்தான் பல மலர்கள் வருகின்றன. முதல் தடவையாக இந்த வேலையைக் கையில் எடுக்கும் மகளுக்கோ பேரனுக்கோ, சகோதரத்தின் மகளான பெறாமகளுக்கோ, அப்படி ஆகாமல் செய்ய வேண்டியவை கீழே.

முதலில் நாள் கணக்கு

31 நாள் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வரை வீட்டில் ஒருவருக்கும் தலை நிமிராது. அச்சகத்துக்கு அச்சடிக்க, மடிக்க, கம்பி குத்த, ஓரம் வெட்ட 5 முதல் 7 நாள் வேண்டும். நடுவில் போயா நாளோ கோயில் திருவிழாவோ வந்தால் இன்னும் இரண்டு நாள். ஆகவே பின்னாலிருந்து எண்ணுங்கள்: 29ஆம் நாள் புத்தகம் வீட்டுக்கு வர வேண்டும், 22ஆம் நாள் கடைசித் திருத்தம் அச்சகத்தில் இருக்க வேண்டும், 16ஆம் நாளோடு எழுத்து வாங்குவதை நிறுத்த வேண்டும். எழுத்துச் சேர்க்கக் கிடைப்பது உண்மையில் எட்டு நாள்தான்.

எட்டுச் செலவு அன்று குடும்பம் எல்லாம் கூடியிருக்கும்போதே பொறுப்பைப் பிரித்துவிடுங்கள். ஒருவர் வரலாறு எழுதுவார், ஒருவர் படங்களைச் சேர்ப்பார், ஒருவர் வம்சாவளியைப் பார்ப்பார். கடைசிச் சொல் ஒருவருடையதாக இருக்கட்டும். கனடாவில் ஒருவர், லண்டனில் ஒருவர், ஊரில் ஒருவர் என்று மூன்று பேரும் தனித்தனியே அச்சகத்தோடு கதைத்தால், திருத்திய பக்கத்தின் மேல் பழைய பக்கம் ஏறிவிடும். அச்சகத்துக்குத் தொலைபேசி எடுப்பவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும்.

பக்கங்களைப் பிரித்தல்

ஏ5 அளவு, நடுவில் கம்பி குத்திய புத்தகம் போதும். அப்படிக் கட்டும் புத்தகத்தின் பக்கங்கள் 4ஆல் வகுபட வேண்டும். 46 பக்கத்துக்கு விஷயம் இருந்தால் 48 ஆக்குங்கள், இல்லாவிட்டால் 44க்குச் சுருக்குங்கள். அட்டை நீங்கலாக 48 பக்கத்துக்கு நன்றாக அமையும் ஒரு பங்கீடு: படம் 1, திதி வெண்பா (இறந்த நாளின் திதியைச் சொல்லும் பாட்டு) 1, திருமுறை 12, வாழ்க்கை வரலாறு 10, நினைவுரைகள் 14, படங்கள் 6, வம்சாவளி 2, நன்றி நவிலல் 1, வெளியீட்டு விவரம் 1.

திருமுறைக்கு 12க்கு மேல் வேண்டாம். அதை அடியோடு எடுத்துவிடவும் வேண்டாம். பஞ்சபுராணமும் சிவபுராணமும் இருப்பதால்தான் பல வீடுகளில் இந்தப் புத்தகம் சாமியறையில் தங்குகிறது. ரீச்சர் என்பதால், சரஸ்வதி பூசைக்குப் பள்ளிக்கூடத்தில் பாடும் சகலகலாவல்லி மாலையின் பத்துப் பாட்டையும் சேர்ப்பது பொருத்தம். இணையத்தில் கிடைக்கும் பதிவை அப்படியே ஒட்டாமல் நல்ல அச்சுப் பதிப்போடு ஒப்பிடுங்கள். பாட்டில் ஒரு சீர் விழுந்தாலும் ஓதுபவர் நாக்கு அந்த இடத்தில் தட்டுப்படும். கிறிஸ்தவக் குடும்பமானால் இந்த இடத்தில் ஆராதனை ஒழுங்கும் அவர் விரும்பிப் பாடிய கீதங்களும் வரும். மற்றவை எல்லாம் ஒன்றேதான்.

வம்சாவளியைச் சரியாக 24, 25ஆம் பக்கங்களில் வையுங்கள். அந்த இரண்டு பக்கமும் ஒரே தாளின் நடு. புத்தகத்தை விரித்தால் கோடுகள் அறுபடாமல் ஓடும். வேறு எந்த இடத்தில் வைத்தாலும் இரண்டு தனித் தாள்கள் சேரும் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் ஏறி இறங்கி, ஒருவருடைய பிள்ளை இன்னொருவரின் கீழ் போய் நிற்கும்.

திதி வெண்பா

இதில் வர வேண்டியவை தமிழ் ஆண்டு, மாதம், பட்சம், திதி, பெயர், ஊர். வெண்பா எழுதுபவரிடம் கொடுக்க முன் இவற்றைக் குருக்களிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வழமையாகப் பிழைக்கும் இடங்கள் மூன்று.

ஒன்று ஆண்டு. தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில்தான் மாறும். 2026 பெப்ரவரியில் இறந்தவருக்கு விசுவாவசு வருஷம். பராபவ அந்த ஏப்ரலில்தான் பிறக்கிறது. இரண்டு, பஞ்சாங்கம். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் திதி முடியும் நேரம் வேறுபடும். உங்கள் வீட்டில் திவசம் எந்தப் பஞ்சாங்கப்படி நடக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். மூன்று, வெளிநாட்டு மரணம். ரொறன்ரோவில் இரவு 9 மணிக்கு உயிர் பிரிந்தால் ஊரில் அடுத்த நாள் காலை ஆகிவிடும். ஊர்த் திகதியை வைத்துத் திதி பார்த்தால் ஒன்று தள்ளிப்போகக்கூடும். இறந்த நகரத்தையும் அங்குள்ள நேரத்தையும் சேர்த்தே குருக்களிடம் சொல்லுங்கள்.

மக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று பாட்டுக்கள் எழுதுவிப்பது பழைய வழக்கம். எழுதிக் கொடுப்பவர்களில் சிலர் ஒரே பாட்டில் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். சில வேளை முன்பு இறந்த யாரோ ஒருவரின் ஊர்ப் பெயர் மாறாமலே வந்துவிடும். குடும்பத்தில் கவிதை எழுதக்கூடியவர் ஒருவரும் இல்லையென்றால், அந்த இடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் நாலு வரி உரைநடையில் எழுதுவது எவ்வளவோ மேல்.

வாழ்க்கை வரலாற்றுக்கு ஆதாரம் தேடுதல்

இந்த மலரின் உயிர் இந்தப் பத்துப் பக்கம்தான். நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள்.

ஒரு ரீச்சரின் வாழ்க்கை கடுதாசியில் நிறையவே பதிந்திருக்கும். நியமனக் கடிதம், ஆசிரியர் கலாசாலைச் சான்றிதழ், இடமாற்றக் கடிதங்கள், சம்பள ஏற்றப் பத்திரம், ஓய்வூதியக் கடிதம் என்று தேடுங்கள். அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே, சூட்கேசில், சாமிப்படத்துக்குப் பின்னால், காணி உறுதியோடு சேர்த்துக் கட்டிய உறையில் பாருங்கள். பென்சன் பிரதேச செயலகம் மூலம் வந்ததால், ஓய்வூதிய இலக்கத்தோடு போனால் அங்கே சேவைக்காலம் பற்றிய விவரத்தைக் கேட்கலாம். சுயவிபரக் கோவை வலயக் கல்வி அலுவலகத்தில் இருக்க வாய்ப்புண்டு. யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து வலயங்கள். அவர் கடைசியாகப் படிப்பித்த பாடசாலை எந்த வலயத்திலோ அங்கே போங்கள். பாடசாலையில் அதிபரின் அனுமதியோடு அன்றாட நிகழ்வுகளைப் பதியும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தைப் பார்க்க முடிந்தால், அவர் கடமையேற்ற திகதி அதில் ஒரு வரியாக இருக்கும்.

பல வீடுகளில் இவை ஒன்றும் இராது. வலிகாமம் வடக்கில் 1990இலும், வலிகாமம் முழுவதும் 1995 ஒக்டோபர் 30இலும் சனம் யுத்தத்தால் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. அப்போது விட்டுப் போன கடுதாசிகள் திரும்பக் கிடைக்கவில்லை. அப்படியானால் வெளியே தேட வேண்டும். பாடசாலையின் நூற்றாண்டு மலர், பரிசளிப்பு விழா மலர், கலாசாலைச் சஞ்சிகை, ஊர்க்கோயில் கும்பாபிஷேக மலர் ஆகியவற்றில் ஆசிரியர் பெயர்ப்பட்டியல் இருக்கும். 2005இலிருந்து இயங்கும் "நூலகம்" என்ற இணைய நூலகத்தில் இப்படியான மலர்கள் நிறைய இருக்கின்றன. அவருடைய அதிபரோ உடன் படிப்பித்தவரோ இறந்தபோது வந்த மலரையும் தேடிப் பாருங்கள், அதில் அவரே ஒரு நினைவுரை எழுதியிருக்கக்கூடும்.

தேடும்போது பெயரைக் கவனியுங்கள். கலியாணத்துக்கு முன் தகப்பனாரின் முதலெழுத்தோடு செல்வி, பின்பு கணவரின் பெயரோடு திருமதி. 1950களின் மாணவர்களுக்கும் 1970களின் மாணவர்களுக்கும் அவர் இரண்டு வேறு பெயர்களில் தெரிந்தவர். மலரில் இரண்டு பெயரையும் போடுங்கள். பாடசாலைப் பெயரும் அப்படியே. 1960, 1961 சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற பிறகு பல மிஷன் பாடசாலைகளும், சைவ வித்தியா விருத்திச் சங்கத்துப் பாடசாலைகளும் வேறு பெயருக்கு மாறின. அவர் சேர்ந்த காலத்துப் பெயரை எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்தில் கொடுங்கள்.

திகதியில் இன்னொரு சிக்கல். எங்கள் ஆட்கள் ஜனவரியையும் தை என்பார்கள், தமிழ்த் தை மாதத்தையும் தை என்பார்கள். "தை 12" என்று ஒரு குறிப்பேட்டில் இருந்தால் அது ஜனவரி 12ஆ, தமிழ்த் தை 12ஆ என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட இரண்டு கிழமை. கிழமையோ நட்சத்திரமோ எழுதியிருந்தால் அதை வைத்துத் தீர்க்கலாம். பிறந்த திகதி, பள்ளிக்கூடத்தில் கொடுத்ததும் பிறப்புப் பத்திரத்தில் உள்ளதும் சாதகக் குறிப்பில் உள்ளதும் மூன்று விதமாக இருந்தால், மலருக்குச் சாதகக் குறிப்பை நம்புவதே பெரும்பாலும் சரி. அதைப் பிள்ளை பிறந்த கையோடு எழுதியிருப்பார்கள்.

ஆட்களிடம் கேட்டல்

வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். உயிரோடிருக்கும் சகோதரங்கள், கலாசாலையில் ஒன்றாக விடுதியில் இருந்தவர், முதல் தொகுதி மாணவர்கள், பிறகுதான் பிள்ளைகள். தொலைபேசியில் 40 நிமிஷத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள், களைத்தவர் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்று சொல்லிவிடுவார். கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள், அன்றைக்கே எழுதி எடுங்கள்.

"ரீச்சர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமானவர்" என்ற பதிலே வரும். கையால் தொடக்கூடிய கேள்விகள் வேண்டும். எந்த வகுப்பில், எந்தப் பாடம்? ஒரு மண்டபத்தில் எத்தனை வகுப்பு? கரும்பலகைக்குக் கோவை இலையும் கரியும் அரைத்துப் பூசியது யார்? தமிழ்ப் பாடத்தில் எந்த எழுத்தைச் சொல்ல வைத்து அடிக்கடி திருத்துவார்? இடைவேளைப் பணிஸ் மிஞ்சினால் யாருக்குக் கொடுப்பார்? பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குப் போனாரா, போய் என்ன சொன்னார்? விஜயதசமிக்கு ஏடு தொடக்கப் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்களா, எந்தத் திண்ணையில் இருத்தினார், அரிசித் தட்டைப் பிடித்தது யார்?

வீட்டுப் பக்கத்துக்கு ஒரு கேள்வி எல்லாவற்றையும் திறக்கும்: அவருடைய சம்பளத்தில் யார் யார் படித்தார்கள்? இதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் தம்பிமாரின் கம்பஸ் செலவு, தங்கச்சியின் சீதனம், சீட்டுக் கட்டி வாங்கிய காணி, இடம்பெயர்ந்து வந்து அந்த வீட்டில் தங்கிய மூன்று குடும்பங்கள் என்று எல்லாம் வரும். ஒரு பெண் குடும்பத்தின் தூணாக இருந்தார் என்று எழுதுவதைவிட, இந்தக் கணக்கை வரிவரியாகக் கொடுப்பது நூறு மடங்கு பெறும். உதவி பெற்றவர் பெயரைப் போட முன் அவரிடம் கேளுங்கள். அவர் விரும்பாவிட்டால் "ஒரு தம்பி", "அயல் வீட்டுப் பிள்ளை ஒன்று" என்று எழுதலாம்.

எழுதும்போது ஒவ்வொரு பந்தியிலும் ஓர் ஆண்டு, ஓர் இடம், அவர் செய்த ஒரு செயல் இருக்கிறதா என்று பாருங்கள். வழமையான வரி இப்படி இருக்கும்: "அன்னார் கல்விப் பணிக்குத் தம்மை அர்ப்பணித்து, மாணவர் மனங்களில் நீங்கா இடம் பிடித்தார்." அதே விஷயத்தை இப்படி எழுதலாம்: "1963 ஜனவரியில் இரண்டாம் வகுப்பை ஏற்றார். தட்டி மறைத்துப் பிரித்த ஒரே கொட்டிலில் மூன்று வகுப்பு. பக்கத்து வகுப்பில் வாய்பாடு சொல்லும் நேரத்தில் இவர் எழுத்து வேலை கொடுப்பார், அவர்கள் எழுதத் தொடங்கினால் இங்கே பாட்டு." இரண்டாவதைப் படிப்பவருக்கு அவர் கெட்டிக்காரி என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கஷ்டப் பிரதேச சேவையில் பிள்ளைகளை அம்மாவோடு விட்டுப் போன வருஷங்கள், கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தது, பதவி உயர்வு மறுக்கப்பட்டது இவற்றையும் விடாதீர்கள். பிரம்பு எடுத்தவர் என்றால் எடுத்தவர் என்றே எழுதலாம், மாணவர்கள் அதை மறக்கவில்லை.

நினைவுரைகள்

14 பக்கத்துக்கு 12 முதல் 15 பேர் போதும். ஒவ்வொருவருக்கும் 150 முதல் 180 சொல் என்று முதலிலேயே சொல்லுங்கள். எல்லாரையும் "ரீச்சரைப் பற்றி எழுதித் தாருங்கள்" என்று கேட்டால் பன்னிரண்டு பேரும் ஒரே கட்டுரையைத்தான் தருவார்கள். ஒருவருக்கு ஒரு துண்டு என்று பிரித்துக் கொடுங்கள்: மூத்த மகளுக்கு அடுக்களையும் அதிகாலையும், மருமகனுக்கு இடம்பெயர்வு, உடன் படிப்பித்தவருக்கு ஆசிரியர் அறை, ஒரு மாணவருக்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அவர் வீட்டு விறாந்தையில் நடந்த வகுப்பு, பேத்திக்கு அம்மம்மாவின் கைப்பை. எழுத வராதவர் வட்ஸ்அப்பில் குரலில் அனுப்பட்டும், நீங்கள் எழுதி அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சமூகப் பெரியவர்களின் அஞ்சலியைத் தவிர்க்க முடியாது. இரண்டோடு நிறுத்துங்கள். அவரை நேரில் அறியாத ஒருவரின் முழுப்பக்க வாழ்த்துக்காக ஒரு மாணவியின் பக்கத்தை வெட்டுவது அநியாயம்.

வம்சாவளி

மலர் வந்த பின் எழும் மனத்தாங்கல்களில் பெரும்பங்கு இந்த இரண்டு பக்கத்தால் வருவது. வரைந்ததை ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியே அனுப்பி, "எங்கள் கிளை சரி" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பிள்ளைகள் வயதுப்படி, ஆண் பெண் பாராமல். இறந்தவர்களுக்கு அமரர் என்ற சொல் எல்லாருக்கும் ஒரேமாதிரி. சிறுவயதில் தவறிய பிள்ளையை விட வேண்டாம், அந்தத் தாய் அதைத்தான் முதலில் தேடிப் பார்ப்பார். பிரிந்து போன மணங்களைப் பற்றி அந்தக் கிளையே முடிவு செய்யட்டும். அவர் வீட்டில் வளர்ந்த பெறாமக்களுக்கும் அயல் பிள்ளைகளுக்கும் "அவர் வளர்த்த பிள்ளைகள்" என்று ஒரு கட்டம் போடுங்கள். பூட்டப்பிள்ளைகளின் பெயர் போதும், பிறந்த திகதி வேண்டாம். மலர் இணையத்துக்கும் போகப்போகிறது. அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம் இவையும் அதே காரணத்தால் வேண்டாம்.

படங்கள்

பழைய படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். அச்சில் ஏ5 முழுப்பக்கத்துக்கு 1748க்கு 2480 பிக்சல் வேண்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தை இழுத்தால் முகமே கண்ணாடியோடு போய்விடும். அதைச் சட்டத்தோடு யன்னல் வெளிச்சத்தில், கொஞ்சம் சரித்துப் படம் எடுங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறவாதீர்கள், ஸ்ரூடியோ முத்திரையும் கைக்குறிப்பும் அங்கேதான் இருக்கும். பெயர் எழுதுவதானால் மெல்லிய பென்சில் மட்டும்.

வகுப்புப் படம் கிடைத்தால் அதற்கு ஒரு முழுப்பக்கம் கொடுங்கள். வரிசைப்படி, இடமிருந்து வலமாகப் பெயர்களைப் போடுங்கள். தெரியாத முகங்களுக்கு இடம் விட்டு, அந்தப் படத்தைப் பழைய மாணவர் குழுக்களுக்கு அனுப்பினால் இரண்டு நாளில் பாதிப் பெயர் வந்துவிடும்.

அச்சகத்தில்

பல அச்சகங்கள் இன்னும், ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் எழுத்துக்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் பக்கம் அமைக்கின்றன. நீங்கள் யுனிகோடில் கொடுப்பதை மாற்றும்போது குறியீடுகள் குழம்பும். பாமினியில் கமாவின் இடத்தில் "இ" இருக்கிறது, அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளி. சரியாக மாறாவிட்டால் "யாழ்ப்பாணம், கோப்பாய்" என்றது "யாழ்ப்பாணம்இ கோப்பாய்" என்று வந்து நிற்கும். மேற்கோள் குறிகளையும், ஸ்ரீ, க்ஷ போன்ற எழுத்துக்களையும் தனியாகத் தேடிப் பாருங்கள். யுனிகோடிலேயே பக்கம் அமைக்கும் அச்சகம் கிடைத்தால் அதுவே நல்லது.

மெய்ப்பை, அதாவது திருத்தம் பார்க்க அச்சகம் தரும் மாதிரியை, திரையில் பார்க்க வேண்டாம். அச்செடுத்து, ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க மற்றவர் மெய்ப்பில் கோடு போட வேண்டும். பெயர்களில் ன, ண, ல, ள, ழ, ர, ற எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள். ஒற்றுப்பிழைக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டே கை தேய்ந்த ஒருவருக்கு இந்தப் புத்தகம். இரண்டு மெய்ப்பு கட்டாயம். மூன்றாவது, முகப்புக்கும் திதிக்கும் வம்சாவளிக்கும் மட்டும்.

தாள் 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) வெள்ளை போதும். வழுவழுப்பான 130 ஜிஎஸ்எம் ஆர்ட் தாளைப் படங்களுக்கு மட்டும் வையுங்கள். முழுவதும் ஆர்ட் தாளானால் வயதானவர்களுக்கு வெளிச்சம் பட்டு எழுத்து மின்னும், பாரமும் கூடும். 48 பக்கப் புத்தகம் 80 ஜிஎஸ்எம்மில் அட்டையோடு ஏறக்குறைய 75 கிராம், 130இல் 110 கிராமுக்கு மேல். நூறு பிரதியைப் பயணப் பையில் கனடாவுக்குக் கொண்டு போகிறவருக்கு அது மூன்றரைக் கிலோ வித்தியாசம். எழுத்து 12 புள்ளிக்குக் குறைய வேண்டாம், திருமுறைக்கு 14. பிரதிகளை ஆள் கணக்கில் அல்லாமல் வீட்டுக் கணக்கில் எண்ணி, அதற்கு மேல் 50 அடியுங்கள்.

மதிய போசனத்துக்குப் பின்

அவர் படித்த பாடசாலை, படிப்பித்த ஒவ்வொரு பாடசாலை, யாழ்ப்பாணப் பொது நூலகம், ஊர் வாசிகசாலை ஆகியவற்றுக்கு இவ்விரண்டு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். நூலகம் நிறுவனத்துக்கு அச்சுப் பிரதியோடு பீடிஎஃப் கோப்பும், வெளியிடுவதற்குக் குடும்பத்தின் எழுத்துமூல அனுமதியும் அனுப்புங்கள். வெளியீட்டு விவரப் பக்கத்தில் திகதி, அச்சகம், தொகுத்தவர் பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நூலகத்தில் அதைச் சரியாகப் பதிய முடியாது.

ஒலிப்பதிவுகளை அழிக்க வேண்டாம். வெட்டப்பட்ட நினைவுரைகளின் முழு வடிவம், ஸ்கேன்கள், பக்கம் அமைத்த மூலக்கோப்பு எல்லாவற்றையும் இரண்டு வீடுகளில் இரண்டு வன்தட்டில் வையுங்கள். புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் பலருக்கு ஞாபகம் வரும்: "அந்தப் படத்தில் மூன்றாவதாக நிற்பது என்ரை அக்கா", "ரீச்சர் அந்த வருஷம் எங்கடை பள்ளிக்கூடத்தில்தான் இருந்தவ". ஒரு கொப்பியில் சொன்னவர் பெயரோடு எழுதி வாருங்கள். ஒரு வருஷம் முடிய வரும் ஆட்டைத் திவசத்துக்குத் திருத்திய பதிப்பு ஒன்று போடுவதானால் அந்தக் கொப்பியை எடுத்துத்தான் தொடங்க வேண்டும்.